சரக்கு மாறினால் சாமர்த்தியம் மாறுமா?

"செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா?" என்று ஒரு பழமொழி உண்டு. கடையில் விலை உயர்ந்து நிற்பது சரக்கின் தரத்தினாலா, விற்பவரின் கெட்டிக்காரத்தனத்தினாலா என்று அது கேட்கிறது. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமலே போய்விடுகிறது. தலைமுறை தலைமுறையாக வாணிபத்தையே வாழ்வாகக் கொண்ட நம் சமூகத்தார் அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய காலம் வந்திருக்கிறது.

பூச்சோங் வட்டாரத்தைச் சற்று நோக்குங்கள். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமுமாக இருந்த பூமி இது. 1990ஆம் ஆண்டுகளில் வீடமைப்புப் பகுதிகள் பெருகின. 1996இல் ஐ.ஓ.ஐ. பேரங்காடி திறக்கப்பட்டது. 2016இல் இலகு ரயில் பாதை இவ்வட்டாரத்தைக் கடந்து புத்ரா ஹைட்ஸ் வரை எட்டியது. மண்ணே தொழிலை மாற்றிக்கொண்ட ஊரில் மனிதர்கள் மட்டும் மாறாமல் இருப்பார்களா? வாப்பா துணிக்கடை வைத்திருந்தார்; மகன் கைத்தொலைபேசி விற்கிறார்; பேரன் தகாபுல் முகவராக இருக்கிறார். உணவகம் நடத்தியவர் வீடு, நில விற்பனையில் இறங்குகிறார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிய தம்பி, இன்று கழுத்துப் பட்டை அணிந்து நேரடி விற்பனைக் கூட்டங்களில் பேசுகிறார். பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் இதே காட்சிதான்.

இவர்களைக் கேட்டால், "ஒன்றை விற்கத் தெரிந்தவன் எதையும் விற்பான்" என்கிறார்கள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்ற பழமொழியும் அவர்கள் பக்கம் நிற்கிறது. பெரியவர்களோ, "தெரிந்த தொழிலை விட்டவனும் கெட்டான், தெரியாத தொழிலைத் தொட்டவனும் கெட்டான்" என்ற மற்றொரு பழமொழியைச் சொல்லித் தலையசைக்கிறார்கள். இரண்டும் நம் மொழியில் பிறந்தவைதான். இரண்டும் ஒரே சமயத்தில் முழு உண்மையாக இருக்க முடியாது. விற்பனைத் திறமை சரக்குவிட்டுச் சரக்கு தாவுமா, தாவாதா? இது லாப நஷ்டக் கணக்கு மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். ஆகுமான சம்பாத்தியம் எது, ஆகாத சம்பாத்தியம் எது என்ற கணக்கும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கூட வருவது

முதலில், தாவும் என்பவர்களின் கட்சியை நியாயமாகக் கேட்போம். அவர்களுக்குச் சாதகமாக மிகப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. மக்காவில் வாணிபம் செய்துவந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது வெறுங்கையுடன் இருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இவரை மதீனாச் செல்வர் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். தம் செல்வத்தில் சரிபாதி தருவதாக ஸஅது (ரலி) முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார்கள். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். போனவர் பாலாடைக் கட்டியும் நெய்யுமாக லாபத்தோடு திரும்பினார். பின்னாளில் பெருஞ்செல்வரானார் என்பதை நாம் அறிவோம். ஊர் புதிது, சந்தை புதிது, வாங்குவோர் புதியவர்கள். ஆனாலும் சாமர்த்தியம் கூடவே வந்தது.

நம் கரையோரத்தாரின் வரலாறும் இதையே சொல்லும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து கப்பலேறியவர்கள் துணி கொண்டுவந்து மிளகும் வாசனைத் திரவியமும் கொண்டுபோனார்கள். அவர்களின் வழி வந்தோர் மலாயாவில் மளிகை விற்றார்கள், புத்தகம் விற்றார்கள், நாணயம் மாற்றினார்கள், பழைய இரும்பு வாங்கினார்கள். பினாங்கில் காவுதடியின் இரு முனையிலும் சோறும் கறியும் சுமந்து விற்றவர்களின் தொழில் நாசி கண்டார் என்று நாடெங்கும் பரவியது. 1957இல் கோத்தா பாருவில் விளையாட்டுச் சாமான் விற்கும் சிறு கடையாகத் தொடங்கிய மைடின் நிறுவனம், இன்று பூச்சோங்கை அடுத்த சுபாங் ஜெயாவில் பெரும் பேரங்காடி வைத்து அரிசி முதல் ஆடை வரை விற்கிறது. சரக்கு மாறாமல் இவையெல்லாம் நடந்திருக்க முடியுமா?

ஆகவே கூட வருவது ஒன்று உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அது என்ன? வந்தவர் வாங்க வந்தாரா, விசாரிக்க வந்தாரா என்பதை முகத்தில் படிப்பது. தான் பேசுமுன் அவர் பேசக் கேட்பது. கடன் கேட்பவரில் திருப்பித் தருபவர் யார், தெருவை மாற்றி நடப்பவர் யார் என்று கணிப்பது. கல்லாப் பெட்டிப் பணம் வேறு, கைச்செலவுப் பணம் வேறு என்று பிரித்து வைப்பது. விற்காத நாளிலும் முகம் சுளிக்காமல் கடை திறப்பது. இவை சரக்கைச் சேர்ந்தவை அல்ல, மனிதரைச் சேர்ந்தவை. துணி வாங்குகிறவரும் மனிதர். தகாபுல் எடுக்கிறவரும் மனிதர். ஆதலால் மனிதரைப் பற்றிய அறிவு மனிதர் இருக்குமிடமெல்லாம் செல்லுபடியாகும்.

கூட வராதது

இனி மறு கட்சி. துனிஸ் நகரில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன், தம் 'முகத்திமா'வில் இந்த விஷயத்துக்கு மிக அருகில் வருகிறார். ஒரு கைத்தொழிலில் முற்றத் தேர்ந்தவன் பின்பு இன்னொன்றில் அதே தேர்ச்சி பெறுவது அரிது என்பது அவர் கொள்கை. தையலில் ஊறிப்போனவன் தச்சுவேலையில் அந்த அளவுக்குச் சிறக்கமாட்டான் என்று உதாரணமும் காட்டுகிறார். பழக்கம் என்பது மனத்தில் ஏறும் சாயம். ஒரு சாயம் ஆழமாக ஏறிவிட்டால் அதன்மேல் மற்றொன்று எளிதில் பிடிக்காது என்பதே அவர் கூறும் காரணத்தின் சாரம்.

இது கைத்தொழிலுக்குத்தானே, வியாபாரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். காய்கறி வியாபாரியையும் துணி வியாபாரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் வந்த கீரை மாலைக்குள் வாடிவிடும். ஆகவே நேரம் ஏற ஏற விலையை இறக்கிக் கூடையைக் காலி செய்வதே காய்கறிக்காரரின் சாமர்த்தியம். துணியோ இன்று விற்காவிட்டால் அடுத்த பெருநாளுக்கு விற்கும். அவசரப்படாமல் விலையில் நிற்பதே துணிக்காரரின் சாமர்த்தியம். இப்போது இருவரும் கடையை மாற்றிக்கொள்ளட்டும். காய்கறிக்காரர் துணிக்கடையில் தம் பழக்கப்படி விலையை இறக்கி முதலை இழப்பார். துணிக்காரர் காய்கறிக் கடையில் தம் பழக்கப்படி பொறுத்திருந்து அழுகலைக் குப்பையில் கொட்டுவார். இருவரும் சோம்பேறிகள் அல்லர். ஓரிடத்தில் குணமாக இருந்ததே மற்றோரிடத்தில் குற்றமாகிவிட்டது. இப்னு கல்தூன் சொன்ன சாயம் இதுதான்.

அடுத்தது சரக்கறிவு. தேர்ந்த மளிகைக்காரர் மிளகை உள்ளங்கையில் உருட்டிய உடனே அதில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். நல்ல மிளகு அமிழும், விதை மிதக்கும். பழைய அரிசியையும் புது அரிசியையும் பல்லில் கடித்தே பிரித்துவிடுவார். நகை வியாபாரிக்கு உரைகல் பேசும். 916 என்ற முத்திரையைப் பார்த்த பிறகும் அவர் கண் பற்றவைத்த இடத்தைத் தேடும். நாணய மாற்றுக்காரரின் விரல் நோட்டின் காகிதத்தைத் தொட்டே கள்ளத்தைக் கண்டுகொள்ளும். இந்தக் கண்ணும் விரலும் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு வருவதில்லை. மளிகைக்காரரின் கை நகைக்கடையில் வெறும் கைதான்.

நம் முன்னோரின் துணி வாணிபமே இதற்குச் சரித்திரச் சான்று. சோழமண்டலக் கரைத் துணிக்குக் கிழக்குத் தீவுகளில் பெரும் கிராக்கி இருந்தது. ஆனால் ஒரு துறைமுகத்தில் விரும்பப்பட்ட நிறமும் கரையும் சித்திரமும் அடுத்த துறைமுகத்தில் தேங்கிப்போகும். எந்தத் தீவார் எதை உடுப்பார்கள் என்ற அறிவு நம் கரையோர வணிகரிடமும் நெசவாளரிடமும் தலைமுறையாகச் சேர்ந்திருந்தது. 1602இல் அமைந்த டச்சுக் கம்பெனியிடம் கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது, முதலும் இருந்தது. ஆனால் மிளகும் கிராம்பும் விளையும் தீவுகளில் அவர்களுடைய ஐரோப்பியச் சரக்குக்கு மதிப்பில்லை. சோழமண்டலத் துணியைத்தான் கேட்டார்கள். ஆகவே அடுத்த பத்தாண்டுக்குள் அக்கம்பெனியார் மசூலிப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பண்டகசாலை வைத்து, நம் கரை வணிகர் மூலமாகத் துணி வாங்க வேண்டியதாயிற்று. பீரங்கியால் துறைமுகத்தைப் பிடிக்கலாம். எந்தப் புடவை எந்த ஊரில் விற்கும் என்ற அறிவைப் பிடிக்க முடியாது.

மனநூல் ஆராய்ச்சியும் இதையொட்டியே செல்கிறது. 1901இல் தார்ண்டைக், வுட்வொர்த் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். நீள்சதுர வடிவங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடச் சிலரைப் பழக்கினார்கள். அதில் நன்கு தேறியவர்களிடம் வேறு வடிவங்களைக் கொடுத்தபோது அந்தத் தேர்ச்சி முழுமையாகக் கூட வரவில்லை. இரண்டு வேலைகளிலும் பொதுவாக உள்ள கூறுகள் எவ்வளவோ, அவ்வளவே திறமையும் தாவும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

ஆகவே இரண்டு கட்சியும் பாதி பாதி சரி. மனிதரைப் பற்றிய அறிவு கூட வருகிறது. சரக்கைப் பற்றிய அறிவு கூட வருவதில்லை. இத்துடன் நின்றிருந்தால் இது வெறும் தொழில் விஷயம். ஒழுக்க விஷயம் இனிமேல்தான் வருகிறது.

நாக்கு முந்தினால்

கூட வருவது நாக்கு, கூட வராதது கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை மாறிய முதல் நாளிலேயே நாக்கு வேலைக்குத் தயாராக நிற்கிறது. கண்ணோ தயாராகச் சில ஆண்டுகள் ஆகும். இந்த இடைக்காலத்தில் நாக்கு விற்றுக்கொண்டேயிருக்கிறது. எதை விற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

கிரேக்க ஞானி பிளேட்டோ, 'கோர்கியாஸ்' என்ற உரையாடலில் இந்த ஆபத்தைத் தெளிவாகக் காட்டுகிறார். கோர்கியாஸ் புகழ்பெற்ற பேச்சாளர். அவருடைய சகோதரர் வைத்தியர். மருந்து குடிக்கவும் சூடு போட்டுக்கொள்ளவும் மறுத்த நோயாளிகளை, வைத்தியரால் முடியாதபோது தாம் பேசியே இணங்க வைத்ததாகக் கோர்கியாஸ் பெருமை கொள்கிறார். சாக்ரட்டீஸ் விடவில்லை. வைத்தியம் தெரியாத பேச்சாளன், வைத்தியம் தெரியாத கூட்டத்தின் முன்னால், வைத்தியனைவிட அதிகமாக நம்பப்படுவான் என்றால், தெரியாதவன் தெரியாதவர்களிடம் வெல்கிறான் என்பதுதானே பொருள் என்று மடக்குகிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சகோதரரான வைத்தியர் பக்கத்தில் இருந்தவரை கோர்கியாஸின் நாக்கு நன்மையே செய்தது. நோயாளி குணம் பெற அது உதவியது. வைத்தியர் இல்லாமல் அதே நாக்கு தனியே புறப்பட்டபோதுதான் அது ஆபத்தாயிற்று. திறமை ஒன்றே; அறிவு பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் ஆகிறது, விஷமாகவும் ஆகிறது.

நம் மார்க்கத்தின் வாணிப நெறியும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, அடியில் ஈரம் தட்டுப்பட்ட செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்ததென்று கடைக்காரர் சொன்னார். நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இந்தச் சம்பவத்தில் கடைக்காரருக்கு ஈரம் எங்கே இருக்கிறதென்று தெரியும். தெரிந்ததால்தான் அவரைக் கேட்க முடிந்தது. புதுச் சரக்கை விற்க வந்தவருக்கோ ஈரம் எந்தப் பக்கம் இருக்கும் என்றே தெரியாது. அவர் தம் குவியலுக்குள் கை விட்டதே இல்லை.

அப்படியானால் அறியாமை அவரைக் காப்பாற்றுமா? "எனக்கே தெரியாது, வேண்டுமென்று நான் ஏமாற்றவில்லை" என்றால் போதுமா? பலர் இந்தச் சமாதானத்தில்தான் நிம்மதியாக உறங்குகிறார்கள். ஆனால் நன்றாகச் சிந்தித்துப் பாருங்கள். தெரிந்து மறைத்தவன் ஒரு பொய் சொன்னான். தெரியாமல் புகழ்ந்தவனும் ஒரு பொய் சொன்னான்: "எனக்கு இது தெரியும்" என்ற பொய். "இதைவிட நல்லது கிடையாது" என்று ஒருவர் சொல்லும்போது, சரக்கைப் பற்றி ஒரு செய்தியும் தம்மைப் பற்றி ஒரு செய்தியும் சேர்த்தே சொல்கிறார். சரக்கு தற்செயலாக நல்லதாகவே இருந்துவிட்டாலும், தம்மைப் பற்றிச் சொன்னது பொய்தானே?

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத் துணி வியாபாரம் செய்தவர்கள். கூட்டாளியிடம் சரக்கை ஒப்படைத்தபோது, ஒரு துணியில் குறையிருக்கிறது, விற்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்த விற்பனையில் வந்த பணத்தை முழுவதுமாகத் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுடைய வரலாற்றில் படிக்கிறோம். இமாம் பொய் சொல்லவில்லை; கூட்டாளியும் வேண்டுமென்று மறைக்கவில்லை. வெறும் மறதிதான். அந்த மறதியின் சுமையையே அவர்கள் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், கற்றுக்கொள்ள முயலாத அறியாமைக்கு நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்?

பெயர் என்னும் முதல்

நாக்கும் கண்ணும் தவிர மூன்றாவது ஒன்றும் கடை மாறுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் பெயர்.

முப்பது ஆண்டுகளாக ஒரே வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். எடை குறையாது, கலப்படம் இராது என்று வட்டாரமெங்கும் பெயர். ஒருநாள் அவர் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரத் தாள் தோன்றுகிறது. தங்கச் சேமிப்போ, நிலப் பங்கோ, மாதந்தோறும் லாபம் தரும் ஏதோ ஒரு திட்டமோ. வாடிக்கைக்காரர் தாளைப் படிப்பதில்லை. "பாய், நீங்கள் சொன்னால் சரிதான்" என்று பணத்தை எடுத்து நீட்டுகிறார். அவர் வாங்கியது அந்தத் திட்டத்தையா? இல்லை. முப்பது ஆண்டு மிளகையும் மல்லியையும் நம்பிய நம்பிக்கையை, மிளகோடும் மல்லியோடும் சம்பந்தமே இல்லாத ஒன்றின்மேல் வைக்கிறார். விற்பவர் தம் சாமர்த்தியம் இங்கும் பலித்தது என்று மகிழ்கிறார். உண்மையில் பலித்தது அவருடைய பழைய நாணயம். அதைத்தான் அவர் அங்கே செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மளிகைக் கடையில் அவரை நாணயமாக வைத்திருந்தது அவருடைய ஈமான் மட்டுமா? ஓரளவு வாடிக்கைக்காரரின் காலடியும்தான். இன்று கெட்ட பருப்பு கொடுத்தால் நாளைக் காலை அவர் திரும்பி வந்து நிற்பார். சரக்கே கடைக்காரரைத் தினந்தோறும் திருத்திக்கொண்டிருந்தது. வீடு, நிலம், முதலீடு, காப்பீடு இவற்றின் குணம் அப்படிப்பட்டதல்ல. ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை இருமுறைதான் வாங்குகிறார். குறை தெரிய ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ ஆகும். அப்போது விற்றவர் வேறு கம்பெனியில் இருப்பார், அல்லது வேறு ஊரில் இருப்பார். திரும்பி வரும் காலடி இல்லாத இடத்தில் ஒருவருடைய நாணயம் முதன்முறையாகத் தனியே நிற்கவேண்டியிருக்கிறது. மளிகையில் முப்பது ஆண்டு நாணயமாக இருந்தவர் இங்கும் அப்படியே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவருக்கே அது தெரியாது. விற்பனைத் திறமை தாவுமா என்று கேட்பதற்கு முன், நம் நேர்மை தாவுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் ஓரளவு காவல் நிற்கிறது. மலேசியாவில் 1993இல் நேரடி விற்பனைச் சட்டம் வந்தது. பின்னர் பிரமிட் திட்டங்களைத் தடுக்கும் விதிகளும் அதில் சேர்ந்தன. 1999இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாணய மாற்றுத் தொழிலை 2011ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தின் கீழ் வைத்திருக்கிறது. தகாபுல் முகவராக வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும். இவையெல்லாம் அவசியமே. ஆனால் தேர்வில் தேறிய தாள், கண் திறந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பக்கத்து வீட்டு விதவைத் தாய் தம் மகளின் கலியாணப் பணத்தை நம் முகத்தைப் பார்த்து நீட்டும்போது, எந்தச் சட்டமும் அந்த மேசைக்கு அருகில் நிற்பதில்லை.

பெயர் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. அதில் வாப்பாவின் பங்கு இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரின் பங்கு இருக்கிறது. "பாய் கடை என்றால் நம்பி வாங்கலாம்" என்று மற்றச் சமூகத்தார் சொல்லும் சொல்லில் நம் எல்லோருடைய பங்கும் இருக்கிறது. பிறர் ஒப்படைத்த அமானத்தை நம் சொந்த முதலாக எண்ணிச் செலவழிக்க நமக்கு உரிமை ஏது?

என்ன செய்யலாம்?

அப்படியானால் யாரும் தொழில் மாறக்கூடாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈயம் போனது, ரப்பர் தேய்ந்தது. கடைக்கு வராமல் கைத்தொலைபேசியிலேயே துணி வாங்கும் காலம் இது. வாப்பாவின் கடையையே கட்டிக்கொண்டு குடும்பத்தோடு நஷ்டப்படு என்று சொல்வது உபதேசமாகாது. தொழில் மாறுவதில் குற்றமில்லை. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களும் மாறினார்கள். ஆனால் எப்படி மாறினார்கள்? முதலில் சந்தை எங்கே என்று கேட்டார்கள். தமக்குக் கொடுக்க வந்த பெரும் முதலை வாங்கிக்கொண்டு பெரிய சரக்கில் இறங்கவில்லை. நெய்யிலும் பாலாடைக் கட்டியிலும் தொடங்கினார்கள். இன்று கொண்டுபோய் இன்றே விற்றுத் தீரும் சரக்கு; நல்லதா கெட்டதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். தவறு நேர்ந்தாலும் சிறு தவறோடு போகும்.

நம் பழைய கடைகளில் பையன்களைப் பழக்கிய முறையிலும் இந்த ஞானம் இருந்தது. ஊரிலிருந்து வந்த பையன் முதலில் கடையைக் கூட்டினான். பிறகு மூட்டை பிரித்தான், புடைத்தான், எடை போட்டான், பொட்டலம் கட்டினான். சரக்கு கையில் ஊறிய பிறகுதான் முன்வரிசைக்கு வந்து வாடிக்கைக்காரரிடம் பேசினான். கடைசியாகத்தான் கல்லாப் பெட்டி. கண் முதலில், நாக்கு பிறகு, பணம் கடைசியில். இன்றைய விற்பனைப் பயிற்சிக் கூட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. முதல் நாளே எத்தனை லட்சம் சம்பாதிக்கலாம் என்று பணத்தைக் காட்டுகிறார்கள். இரண்டாம் நாள் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். சரக்கை அறியும் நாள் பலருக்கு வருவதே இல்லை.

ஆகவே தொழில் மாறுகிறவர்கள் சில காரியங்களைக் கடைப்பிடித்தால் நலமாக இருக்கும்.

முதலாவதாக, சரக்கையும் வாடிக்கையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அரிசி விற்றவர் அதே வாடிக்கைக்கு எண்ணெயும் மாவும் விற்றுப் பழகலாம். அல்லது அதே அரிசியைப் புது ஊரில் விற்கலாம். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும்போதுதான் மறு காலை எடுத்து வைக்க முடியும்.

இரண்டாவதாக, கோர்கியாஸின் பக்கத்தில் வைத்தியர் இருந்ததுபோல, சரக்கறிந்த ஒருவரின் பக்கத்தில் நில்லுங்கள். நமக்குப் பேச்சு வரும், அவருக்குச் சரக்கு தெரியும் என்றால், கூட்டு வியாபாரத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. அவருக்குப் பங்கு கொடுப்பதில் குறையும் லாபம், பிற்பாடு வரக்கூடிய நஷ்டத்தைவிடச் சிறியதே.

மூன்றாவதாக, "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்ற சொல்லைக் கடையில் துணிந்து சொல்லுங்கள். வியாபாரிக்கு இது அவமானம் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு விஷயத்தில் தெரியாது என்று சொன்னவர், தெரியும் என்று சொல்லும் மற்ற விஷயங்களில் இரட்டிப்பாக நம்பப்படுகிறார்.

நான்காவதாக, சொந்தக்காரரிடமும் பழைய வாடிக்கைக்காரரிடமும் புதுச் சரக்கை முதலில் கொண்டுபோகாதீர்கள். விற்பனைக் கூட்டங்களில் இதற்கு நேர்மாறாகவே சொல்லித்தருவார்கள். உன் குடும்பத்தாரிடமிருந்து தொடங்கு என்பார்கள். ஏன்? அவர்கள் சரக்கைப் பார்க்கமாட்டார்கள், உன் முகத்தைப் பார்ப்பார்கள் என்று அறிந்தே சொல்கிறார்கள். உங்களை அறியாத ஒருவர், சரக்கை மட்டும் பார்த்து, கேள்வி கேட்டு வாங்கும் நிலை வரும்வரை உங்கள் சாமர்த்தியம் சோதிக்கப்படவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனையில் தேறிய பின்பு பெற்றவளிடமே போய் விற்கலாம்.

சகோதரர்களே! சாமர்த்தியம் சரக்குவிட்டுச் சரக்கு தாவுமா என்ற கேள்விக்கு, தாவும், ஆனால் அரைகுறையாகத் தாவும் என்பதே பதில். பேச்சு முதலில் வந்து சேர்கிறது. நம்பிக்கை அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. அறிவு மட்டும் மெதுவாக நடந்து வருகிறது. முன்னே வந்த இரண்டும் அறிவு வந்து சேரும்வரை கதவைத் திறக்காமல் காத்திருக்குமானால், எந்தச் சரக்கையும் நாம் கூசாமல் விற்கலாம். காத்திருக்கப் பொறுமையில்லாதவர் விற்பது சரக்கை அல்ல, தம் வாப்பா சேர்த்து வைத்த பெயரை. அந்தப் பெயர் தீர்ந்துவிட்டால், அதை மொத்தக் கொள்முதலில் தரும் கடை பூச்சோங்கிலும் இல்லை, கோலாலம்பூரிலும் இல்லை. நம் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்குப் போனாலும், போகுமுன் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.